வலப்பக்கத்துக் கள்ளன்

வூப்பர்டாலில் ரயிலும் தொங்கிக்கொண்டுதான் போகும்.
மேலே தண்டவாளம், கீழே ஆறு,
நடுவில் வேலைக்குப் போகிற நாங்கள்.

பெரிய வெள்ளிக்கு நாடகம் என்றபோது
வலப்பக்கத்துக் கள்ளன் நான் என்பது
ஒரு கூட்டமும் கூடாமலே முடிவாகிவிட்டது.
யாரும் சிரிக்கவில்லை. அதுதான் சுட்டது.

சீட்டுப் பிடித்தவன் நான்.
இருபத்திரண்டு பேர், ஆளுக்கு மாதம் இருநூறு யூரோ.
பதினைந்தாம் மாதம் சீட்டெடுக்க வந்தவர்களுக்கு
என் வீட்டு அழைப்புமணி மட்டும் பதில் சொன்னது.
ஏழு மாதம் உள்ளே இருந்தேன்.
வெளியே வந்ததிலிருந்து
சபை மண்டபத்துக் கோப்பைகளை நான்தான் கழுவுகிறேன்,
நாற்காலி அடுக்குகிறேன், வாசலில் பனி வழிக்கிறேன்.
ஒரு கொப்பியில் எழுதியும் வைத்திருக்கிறேன்:
கோப்பை ஆறாயிரத்து நாற்பது. பனி முப்பத்தொரு நாள்.
யாரிடம் காட்டப்போகிறேன் என்று
எழுதும்போது யோசித்ததில்லை.

சிலுவை, கட்டடச் சாமான் கடையில் வாங்கிய பலகை.
ஆணிக்குப் பதில் மின்கம்பி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டி.
இடப்பக்கத்தில் தர்மகுலம்,
பீட்சாக் கடையிலிருந்து நேரே வந்தவன், வெங்காயம் மணந்தான்.
நடுவில் ஷாருஜன், வீடு வீடாய்ப் பொதி கொடுக்கிற பெடியன்.
வாடகைத் தாடி.

கை இரண்டும் கட்டுண்ட பிறகுதான் தெரிந்தது
இனி என்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்று.
மூக்கில் ஒரு அரிப்பு. அதற்குக்கூட.
கோப்பை இல்லை, விளக்குமாறு இல்லை,
கொப்பி மேற்சட்டைப் பைக்குள்,
மேற்சட்டை வேறு அறைக்குள்.

அந்த மனிதனுக்கும் இப்படித்தானே இருந்திருக்கும்.
திருடியதைத் திருப்பிக் கொடுக்கப் போகக் காலில்லை,
கும்பிடக் கையில்லை,
நல்லவனாகிக் காட்ட நாளை என்று ஒன்று இல்லை.
வாய் மட்டும் மிச்சம், அதுவும் வறண்டு.
முகத்தைத் திருப்பி,
தன்னைப்போலவே செத்துக்கொண்டிருந்த ஒருவரை
அரசர் என்று நம்பினான்.
என்ன துணிச்சல்,
சாகிறவரிடம் போய் வாழ்வு கேட்பது.

எனக்கு ஒரேயொரு வசனம்.
ஒத்திகைகளில் மண்டபம் அதிரச் சொன்னேன்.
அன்றைக்கு, எழுதித் தந்தது தொண்டையில் நிற்க,
வேறொன்று வந்தது:
"ஐயா, என்னையும் கொஞ்சம் ஞாபகம் வைத்திருங்கோ."

ஷாருஜன் பதில் சொல்லவேண்டும்.
மறந்துவிட்டான்.
தாடிக்குள் உதடு அசைகிறது, சத்தம் இல்லை.
திரைக்குப் பின்னால் போதகர் தாள் புரட்டுகிறார்.
வெளியே ஒரு ரயில் தொங்கிப் போகிறது.
அந்தப் பதில் எனக்கு மனப்பாடம்.
ஆனால் கள்ளன் அதைத்
தனக்குத் தானே சொல்லிக்கொள்ள முடியாது.

இரண்டாம் வரிசையில் ஞானரூபி அக்கா.
இரண்டாயிரத்து எண்ணூறு யூரோ,
மகளின் பல்லுக்குச் சேர்த்த காசு.
நான் கழுவிய கோப்பையில் மூன்று வருடம் தேநீர் குடித்தும்
என் முகம் பார்க்காதவர்.
ஷாருஜனுக்கு எடுத்துக் கொடுக்கத்தான் சொன்னார்,
வாய்ப்பாடு மறந்த பிள்ளைக்குச் சொல்வதுபோல,
சற்று எரிச்சலோடு:
"இன்றைக்கே."

சொன்ன பிறகுதான், கண் எங்கே நின்றது என்று
அவருக்கே தெரிந்திருக்கவேண்டும்.
மடியிலிருந்த தாளை மடித்தார். விரித்தார்.
"இன்றைக்கே" என்றார் மறுபடி,
மெதுவாக.

பட்டியை வெட்டக் கத்தரிக்கோல் தேடிப் பத்து நிமிடம்.
அதுவரை தொங்கியபடி அழுதேன்,
துடைக்கக் கையில்லாமல்.

கடன் அப்படியேதான் இருக்கிறது.
மாதம் நூற்றைம்பது, முதலில் அக்காவுக்கு.
அன்றிரவும் கோப்பை கழுவினேன்.
எத்தனை என்று எண்ணவில்லை.
ஒன்று உடைந்தது.